பாலைவனச் சிற்றூரின் விமானத் திடல்: இறங்கவும் கிளம்பவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியாவின் கிழக்குப் பகுதி. அமெரிக்காவின் இந்தப் பாலைவனங்களில் பல சிற்றூர்களுக்கு ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு பொது விமானத் திடல் உண்டு. ஓர் ஓடுபாதை, காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப்பை, அட்டையைத் தேய்த்தால் பெட்ரோல் தரும் ஒரு பம்ப், விமானிகள் உட்கார ஒரு சிறிய அறை. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. பெரும்பாலான நேரம் ஆளும் இருக்க மாட்டார். ஆனால் ஊரில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் விமானம் வந்து இறங்குவது அங்கேதான். அதனால் அளவைப் பார்த்து அதை அலட்சியமாக நினைக்கக் கூடாது.

தனியார் விமானி உரிமம் வாங்கி, செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் முதல் முறையாக இப்படியொரு திடலுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிமுறைகள் எல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவுடையவை. இந்தப் பயணத்தின் முக்கியமான முடிவுகளை முந்தின நாள் மாலையே எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு யோசனை சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். வெயிலும் அவகாசம் தராது.

படி 1: திடலைப் பற்றி முழுதாகப் படியுங்கள்

செக்‌ஷனல் என்ற வான்வழி வரைபடமும், திடல்களின் விவரங்கள் அடங்கிய சார்ட் சப்ளிமென்ட் கையேடும் 56 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. காலாவதியான பிரதியை வைத்துக்கொண்டு போகாதீர்கள். வரைபடத்தில் திடலின் வட்டத்தைச் சுற்றிச் சிறு பற்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே எரிபொருள் உண்டு. மேலே நட்சத்திரம் இருந்தால் இரவில் சுழல்விளக்கு உண்டு. ‘ஆர்பி’ என்று போட்டு ஓடுபாதை எண் எழுதியிருந்தால், அந்தப் பாதையில் இறங்க வலப்பக்கமாகத் திரும்பிச் சுற்றி வர வேண்டும். எதுவும் குறிப்பிடாவிட்டால் இடச்சுற்றுதான்.

கையேட்டில் நீளம், அகலம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தரை தாரா சரளையா, சரிவு எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்த பிறகு, கடைசியில் வரும் குறிப்புகளை நிதானமாகப் படியுங்கள். ஓடுபாதையில் மாடு வரும், கழுதை வரும், தாரில் விரிசல் இருக்கிறது, பாராசூட் குதிப்பு நடக்கும் என்ற தகவல்கள் அங்கேதான் இருக்கும். விமானிகளுக்காக அன்றன்று வெளியாகும் ‘நோட்டாம்’ அறிவிப்புகளையும் பாருங்கள். போகிற வழியில் ராணுவப் பயிற்சிப் பகுதிகளும் தடைசெய்யப்பட்ட வான்வெளியும் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தப் பாலைவனங்களில் மிக முக்கியம். எட்வர்ட்ஸ், சைனா லேக் தளங்களைச் சுற்றி மட்டுமே பெரும் பரப்பு ராணுவத்தின் பயன்பாட்டில் இருக்கிறது.

இத்தனையும் படித்த பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. திடல் மேலாளரின் எண் கையேட்டில் இருக்கும். ‘பம்ப் வேலை செய்கிறதா? அட்டை ஏற்கிறதா? வெளியே போனால் திரும்பி உள்ளே வர வேலிக் கேட்டைத் திறக்கும் எண் என்ன?’ என்ற மூன்று கேள்விகள் போதும். அட்டை வாசிக்கும் கருவி பழுதாவது அபூர்வமான விஷயம் அல்ல. கேட்டின் எண் தெரியாமல் வெளியே போய், பூட்டிய வேலிக்கு இந்தப்பக்கம் நடுவெயிலில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

படி 2: வெப்பத்தைக் கணக்குப் போடுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

காற்று சூடாகும்போது அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைவு, புரொப்பெல்லருக்குப் பிடிமானம் குறைவு, இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன. உங்கள் விமானம் எந்த உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்று சொல்லும் எண்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது அடர்த்தி உயரம்.

அதைக் கையாலேயே கணக்கிடலாம். 2800 அடி உயரத்தில் ஒரு திடல். ஆல்டிமீட்டர் அமைப்பு, அதாவது உயரமானியில் வைக்கும் அன்றைய காற்றழுத்தம், 29.82, வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அழுத்த உயரம், அதாவது அன்றைய காற்றழுத்தத்துக்கு ஏற்பத் திருத்திய உயரம். திட்டமான 29.92இலிருந்து 29.82ஐக் கழித்து 1000ஆல் பெருக்கினால் 100 அடி. அதை 2800உடன் கூட்டினால் 2900.

அடுத்து, அந்த உயரத்தில் திட்டப்படி இருக்க வேண்டிய வெப்பம். கடல்மட்டத்தில் 15 டிகிரி, ஒவ்வோர் 1000 அடிக்கும் 2 டிகிரி குறையும். எனவே 2900 அடியில் ஏறக்குறைய 9 டிகிரி.

உண்மையான வெப்பம் 40. வித்தியாசம் 31. ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டினால் 3700 அடிக்குச் சற்று மேல். ஆக, அடர்த்தி உயரம் சுமார் 6600 அடி.

டர்போ இல்லாத எஞ்சின் 1000 அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். எனவே உங்கள் எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி ஓடுபாதைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது.

கடல்மட்டத்துக்கு அருகில் இருக்கும் திடல்தானே என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. டெத் வேலியில் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் திடல் கடல்மட்டத்துக்கு 210 அடி கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான விமானத் திடல் அது. 1913 ஜூலை 10 அன்று உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பமாக 56.7 டிகிரி பதிவானதும் அதே ஃபர்னஸ் கிரீக்கில்தான். அங்கே 48 டிகிரி வெயில் அடிக்கும் ஒரு கோடை மதியத்தில் அடர்த்தி உயரம் சுமார் 3700 அடி. பாதாளத்தில் இருக்கும் ஓடுபாதை மலைமேல் இருப்பதுபோல் நடந்துகொள்ளும்.

இப்போது உங்கள் விமானத்தின் கையேட்டை எடுத்து, கிளம்பும் தூரம், 50 அடித் தடையைத் தாண்டும் தூரம், ஏறும் வேகம், இறங்கும் தூரம் நான்கையும் பாருங்கள். அந்த எண்கள் புது விமானத்தைத் தேர்ந்த விமானி ஓட்டி எடுத்தவை. நான் அவற்றோடு பாதியைக் கூட்டிக்கொள்வேன். கூட்டிய பிறகும் ஓடுபாதை மிஞ்சினால் போகலாம். மிஞ்சாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். ஒருவர் குறைய வேண்டியிருக்கலாம், பெட்டிகள் குறைய வேண்டியிருக்கலாம். ஒரு காலன் விமானப் பெட்ரோல் 6 பவுண்டு என்பதால், டாங்கை நிரப்பாமல் தேவைக்கு மட்டும் ஏற்றுவதும் ஒரு வழி. ஆனால் அடுத்த பம்ப் எவ்வளவு தூரம் என்பது தெரிந்த பிறகே அந்த வழி.

பல செஸ்னா கையேடுகளில் அட்டவணை 40 டிகிரியோடு முடிந்துவிடும். வெப்பம் அதைத் தாண்டினால் உங்கள் விமானம் என்ன செய்யும் என்பதற்குத் தயாரித்தவர்களின் எண்ணே உங்களிடம் இல்லை. அந்த வேளையில் கிளம்பாதீர்கள்.

படி 3: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

விடிந்ததும் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். முடியாவிட்டால் அங்கேயே மாலைவரை, அல்லது மறுநாள் விடியும்வரை தங்குங்கள்.

காலை பத்து மணிக்கு மேல் தரை சூடாகிக் காற்று மேலெழத் தொடங்கும். விமானம் குலுங்கும். புழுதிச் சுழல்கள் கிளம்பும். கண்ணுக்குத் தெரியும் புழுதிச் சுழலை விலகிப் போய்விடலாம். தூசு இல்லாத தாரின்மேல் எழும் சுழல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதுதான் மோசமானது. காற்றுப்பை திடீரென்று வேறு திசைக்குத் திரும்பினால் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம். பிற்பகலில் இடிமழை மேகங்கள் திரளும். மேகத்திலிருந்து தொங்கும் மழைத்திரை தரையைத் தொடாமல் நடுவானிலேயே காய்ந்து மறையும். விர்கா எனப்படும் இந்தக் காட்சி அழகாக இருக்கும், ஆனால் அதன் அடியில் போகவே கூடாது. மழைத்துளி ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்துக் கீழ்நோக்கிப் பாய்கிறது. மைக்ரோபர்ஸ்ட் என்ற அந்தப் பாய்ச்சல் நிமிடத்துக்கு 6000 அடி வரை இருக்கலாம். உங்கள் செஸ்னா நல்ல நாளில் ஏறுவதே அதில் ஒரு சிறு பங்குதான். ஒரு மைக்ரோபர்ஸ்ட் பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். எனவே தள்ளி நின்று காத்திருப்பதே வழி.

அதே இடிமழையின் வெளிக்காற்று தரையைத் துடைத்துக்கொண்டு வந்தால் அது ஹபூப், புழுதிச் சுவர். தொலைவில் பழுப்புநிறச் சுவர் ஒன்று நகர்ந்து வருவது தெரிந்தால், அது வருவதற்குள் இறங்கிவிடலாம் என்று போட்டியிடாதீர்கள். திரும்பி வேறு திடலுக்குப் போங்கள்.

படி 4: எரிபொருள், தண்ணீர், தகவல்

கண்ணால் வழி பார்த்துப் பறக்கும் பார்வை விதிப்படி பகலில் பறப்பவர்களிடம், போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் 30 நிமிடம் பறக்க எரிபொருள் மிஞ்சும்படி இருக்க வேண்டும். இரவில் 45 நிமிடம். சட்டம் கேட்பது அவ்வளவுதான், பாலைவனம் அதிகம் கேட்கும். போகும் திடலில் பம்ப் இயங்கவில்லை என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து அடுத்த பம்ப் வரை போய், அதன் பிறகும் ஒரு மணி நேரம் மிஞ்சும்படி திட்டமிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் விமானத்தில் இருக்க வேண்டும். குடிக்க மட்டும். இதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்துடன் தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழலுக்கு விரிக்க ஒரு துணி, சமிக்ஞைக் கண்ணாடி, தனிநபர் அவசரக் கருவி. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1 அன்றே நிறுத்திவிட்டன. உங்கள் விமானத்தில் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது கட்டாயமாக இறங்க நேர்ந்தால் விமானத்தை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது விமானம்தான்.

பறக்கும் திட்டத்தைப் பதிவு செய்யுங்கள். கோபுரம் இல்லாத திடலில் அதை உங்களுக்காக முடித்துவைப்பவர் யாரும் இல்லை. சேர வேண்டிய நேரம் கடந்து 30 நிமிடத்துக்குள் நீங்கள் தகவல் சொல்லாவிட்டால் தேடத் தொடங்கிவிடுவார்கள். இறங்கிய இடத்தில் கைபேசிக்குச் சிக்னல் இல்லாமல் போகலாம் என்பதால், திடல் கண்ணுக்குத் தெரிந்து இறங்குவது உறுதியானதுமே வானொலியில் திட்டத்தை முடிக்க முயல்வது நல்லது.

படி 5: நெருங்குவதும் சுற்றில் சேர்வதும்

பெரும்பாலான இடங்களில் தானியங்கி வானிலை நிலையம் ஒன்று காற்றையும் வெப்பத்தையும் சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். சில நிலையங்கள் அடர்த்தி உயரத்தையே சொல்லிவிடும்.

பத்து மைல் தொலைவில் திடலின் பொது அலைவரிசையில் பேசத் தொடங்குங்கள். விமானிகள் அதை சீடாஃப் என்பார்கள். ஊரின் பெயர், நீங்கள் யார், எங்கே எந்த உயரத்தில் இருக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள், மறுபடியும் ஊரின் பெயர். இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். பெயரை இரு முறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 122.8 போன்ற ஒரே அலைவரிசையைப் பல திடல்கள் பகிர்ந்துகொள்கின்றன, வெட்டவெளியில் உயரத்திலிருந்து பேசும் குரல் வெகுதூரம் போகும். நூறு மைலுக்கு அப்பால் ஒருவர் ‘ஃபைனலில் இருக்கிறேன்’, அதாவது இறங்க ஓடுபாதைக்கு நேராக வந்துகொண்டிருக்கிறேன், என்றால், அது எந்த ஊர் என்று தெரியாவிட்டால் எல்லோருக்கும் குழப்பம். ‘அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்கும் பழக்கத்தை எஃப்ஏஏ வேண்டாம் என்கிறது. நேரத்தைத் தின்னும், பயன் இல்லை.

பதில் வராததால் வானம் காலி என்று எண்ணாதீர்கள். இப்படிப்பட்ட திடல்களில் பலவற்றில் வானொலி கட்டாயம் இல்லை. பழைய விமானங்கள், அல்ட்ராலைட்டுகள், கிளைடர்கள் பேசாமலே வரலாம். கண்ணால் தேடுங்கள்.

காற்று எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் திடலின் நடுவே தரையிலிருந்து 2000 அடி உயரத்தில் கடந்து காற்றுப்பையைப் பாருங்கள். சிறிய விமானங்கள் சுற்றுவது தரையிலிருந்து 1000 அடியில், டர்பைன் விமானங்கள் 1500 அடியில். ஆம்புலன்ஸ் விமானம் டர்பைனாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 2000 அடியில் கடந்தால் இருவருக்கும் மேலே இருப்பீர்கள். காற்றுப்பை முழுதாக விறைத்து நின்றால் காற்றின் வேகம் 15 நாட் அல்லது அதற்கும் மேல். அதைச் சுற்றிக் கோடுபோட்ட வட்டம் இருந்தால், அதிலிருந்து நீளும் குறிகள் சுற்றும் திசையைக் காட்டும். கடந்து இரண்டு மைல் போன பிறகே கீழிறங்கி, ஓடுபாதைக்கு இணையாகக் காற்றின் போக்கில் பறக்கும் டவுன்விண்டின் நடுப்பகுதிக்கு 45 டிகிரிக் கோணத்தில் வந்து சேருங்கள். டவுன்விண்ட், அதிலிருந்து ஓடுபாதைப் பக்கம் திரும்பும் பேஸ், ஃபைனல் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அறிவிப்பு.

படி 6: இறங்குதல்

இங்கே கண்தான் ஏமாற்றும். சுற்றிலும் மரமோ கட்டடமோ இல்லாத வெற்றுத்தரையில் நீங்கள் உண்மையைவிட உயரத்தில் இருப்பதுபோல் தோன்றும். குறுகலான ஓடுபாதையும் அதையே செய்யும். மேல்நோக்கிச் சரிந்த பாதையும் அதையே செய்யும். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் திடல்கள் இங்கே உண்டு. தோற்றத்தை நம்பி இறங்கினால் ஓடுபாதைக்கு முன்பே தரை வந்துவிடும். ஓடுபாதை அருகே கோணம் காட்டும் விளக்குகள் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் சுற்றின் ஒவ்வொரு மூலையிலும் என்ன உயரம் இருக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்து ஆல்டிமீட்டரைப் பாருங்கள்.

வேகமும் அதிகமாகத் தெரியும். அது வெறும் தோற்றம் அல்ல. அடர்த்தி உயரம் 6600 அடியாக இருக்கும்போது, வேகமானி 65 நாட் காட்டினால் காற்றில் உங்கள் உண்மை வேகம் 72 நாட்டுக்கு அருகில். தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்து மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தால் ஸ்டாலில், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையில், போய் நிற்பீர்கள். வேகமானி காட்டும் எண்ணை மட்டும் பிடியுங்கள். பத்து சதவீத வேகம் கூடினால் தரையில் ஓடும் தூரம் இருபது சதவீதத்துக்கு மேல் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

இறங்கும் முன் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் பிடியான மிக்ஸ்சரை முழு ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிக அதிகமாக, தள்ளுவது பயிற்சியில் வந்த பழக்கம். உயர்ந்த அடர்த்தி உயரத்தில் அது எஞ்சினை மூச்சுத்திணற வைக்கும். மறுபடி ஏற நேர்ந்தால், தேவைப்படும் சக்தி அந்த நேரத்தில் கிடைக்காது. அந்த உயரத்துக்குச் சரியான அளவிலேயே வையுங்கள்.

ஓடுபாதையை விட்டு வெளியேறியதும் அதையும் அறிவியுங்கள். பின்னால் வருகிறவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.

படி 7: தரையில்

சரளைக் கற்களின்மேல் எஞ்சினை அதிகமாக முடுக்காதீர்கள், புரொப்பெல்லர் சிதையும். ஆம்புலன்ஸ் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் குறித்த இடத்தில் நிறுத்தாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட.

எரிபொருள் போடும் முன் தரையிணைப்புக் கம்பியை மாட்டுங்கள். வறண்ட காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். பம்ப் எந்த எரிபொருளுடையது என்று படித்துப் பாருங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலநிறமாக இருக்கும், ஜெட் எரிபொருள் நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும். போட்ட பிறகு மாதிரி எடுத்து நிறம், நீர், மணல் மூன்றையும் பாருங்கள்.

கிளம்ப அரை மணி நேரம் இருந்தாலும் விமானத்தைக் கட்டிவையுங்கள். இறக்கை இரண்டு, வால் ஒன்று. சக்கரத்துக்கு முட்டு, கட்டுப்பாடுகளுக்குப் பூட்டு. ஒரு புழுதிச் சுழல் போதும், கட்டாத விமானத்தைத் தூக்கிப் போட. வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய்க்கு உறை மாட்டுங்கள். குளவிகள் ஒரு மதிய நேரத்தில் அதில் மண்ணடைத்துவிடும். எரிபொருள் டாங்கின் காற்றுத்துளையையும் திரும்பும்போது பாருங்கள்.

ஊருக்குள் போக இலவச கார் இருந்தால், பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஊர் மக்கள் நம்பிக் கொடுத்து வைத்திருக்கும் வண்டி அது.

இரவு பற்றி ஒரு வார்த்தை

முதல் வருகை இரவில் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பழகிய பிறகு போகிறீர்கள் என்றால், ஓடுபாதை விளக்கை நீங்களே ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கான அலைவரிசையில், அது பெரும்பாலும் சீடாஃபேதான், 5 நொடிக்குள் மைக் பொத்தானை 7 முறை அழுத்தினால் முழு வெளிச்சம், 5 முறை நடுத்தரம், 3 முறை குறைவு. விளக்கு 15 நிமிடம் எரியும். ஃபைனலுக்குத் திரும்பும் முன் இன்னொரு முறை அழுத்திவிடுங்கள், நடுவே அணைந்துவிடாது. சுற்றிலும் முழு இருட்டு, நடுவில் விளக்குகள் மட்டும் என்ற நிலையில் தாழ்வாக வந்துவிடும் ஆபத்து பகலைவிடப் பன்மடங்கு.

படி 8: கிளம்புதல்

சூடான எஞ்சின் சட்டென்று கிளம்பாது. எரிபொருள் ஊசி வகை எஞ்சினில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி நிற்கும். நிறுத்தும்போதே மூக்கைக் காற்றை நோக்கி வைத்து, எண்ணெய் பார்க்கும் மூடியைத் திறந்து விட்டிருந்தால் கொஞ்சம் வெப்பம் வெளியேறியிருக்கும். சூடான எஞ்சினைக் கிளப்பும் முறை கையேட்டில் தனியாக இருக்கும், அதை முன்பே படித்து வைத்திருங்கள். ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்தி பேட்டரியைக் கொன்றுவிட்டால் உதவிக்கு ஆள் வருவது மறுநாளாகலாம்.

வெப்பத்தையும் காற்றையும் மறுபடி கேட்டு, படி 2இன் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். காலையில் 28 டிகிரியில் போட்ட கணக்கு 39 டிகிரிக்குச் செல்லாது.

அடர்த்தி உயரம் 3000 அடியைத் தாண்டினால், கற்கள் இல்லாத தார்ப்பகுதியில் நின்று முழு திராட்டில், அதாவது எஞ்சினின் முழு சக்தி, கொடுத்து மிக்ஸ்சரை மெல்ல இழுங்கள். ஆர்பிஎம் ஏறி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் இடத்தில், ஒரு துளி ரிச் பக்கம் வையுங்கள். இது இதழ்களின் கோணம் மாறாத ஃபிக்ஸட் பிட்ச் புரொப்பெல்லருக்கான முறை. உங்கள் கையேடு வேறாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஓடுபாதையின் பாதித் தூரத்துக்கு ஓர் அடையாளம் பார்த்து வையுங்கள். ஒரு கம்பம், ஒரு டாக்ஸிவே வளைவு, எதுவானாலும் சரி. அந்த இடத்துக்குள் எழும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் திராட்டிலை இழுத்து நிறுத்துங்கள். இதை ஓடும்போது யோசிக்கக் கூடாது, ஓடுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

தரையை விட்டெழுந்ததும் விமானம் பறப்பதுபோலவே இருக்கும், ஆனால் ஏறாது. தரைக்கு மிக அருகில், ஏறக்குறைய இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான நீளத்துக்கு உள்ளான உயரத்தில், இழுவை குறைவதால் வரும் மிதப்பு அது. அங்கே மூக்கைத் தூக்கினால் மிதப்பை இழந்து மறுபடி தரைக்கு வருவீர்கள். மூக்கை மெல்லத் தாழ்த்தி, ஓடுபாதையை ஒட்டியே பறந்து, ஏறும் வேகம் வந்த பிறகு ஏறுங்கள். முன்னே குன்று இருந்தால் அதை நோக்கி ஏற முயலாமல், தாழ்வான பக்கம் திரும்பி, திடலுக்கு மேலேயே சுற்றி உயரம் சேர்த்துக்கொண்டு போங்கள்.

கிளம்புவதையும் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதையும் அதே பொது அலைவரிசையில் சொல்லி, பத்து மைல் வரை அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். திடலில் எரியாத விளக்கு, கிழிந்த காற்றுப்பை, ஓடுபாதையில் புதிய பள்ளம் என்று எதையாவது பார்த்திருந்தால், வீடு போய்ச் சேர்ந்ததும் மேலாளருக்கு அழைத்துச் சொல்லுங்கள். அன்றிரவே ஆம்புலன்ஸ் விமானம் அங்கே இறங்க வேண்டியிருக்கலாம்.